கடைசி வரி வரை தெரிகிறது

1934 அக்டோபர் 4, வியாழன்

வெயில். மழை வருமென்று பஞ்சாங்கம் சொல்லி ஐந்து நாள் ஆகிறது. மேகங்களுக்கு இன்னும் பிரதி போய்ச் சேரவில்லை போலும்.

தபாலில் விண்ணப்பத்தாள் வந்தது. மலைப் பக்கத்து விமானக் கிளப்பிலிருந்து. இந்த வருஷம் இரண்டு பேருக்குச் கட்டணம் வாங்காமல் பறக்கக் கற்றுத் தருவார்கள். தேறினால் தபால் விமானம் ஓட்டச் சிபாரிசு. வயது பதினேழு நிரம்பியிருக்க வேண்டும். ஆவணியில் நிரம்பியாயிற்று. ஆங்கிலம் தெரிய வேண்டும். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம், அதில் முதல். 'ஆண்' என்று எங்கேயும் போடவில்லை. மூன்று முறை படித்துவிட்டேன். போட மறந்திருப்பார்கள். அவர்கள் மறதிக்கு நான் ஜவாப்தாரி அல்ல.

இன்னும் தேவை:
தகப்பனார் கையொப்பம்.
கண்பார்வைக்கு டாக்டர் சான்று.
இரண்டும் 31-ஆம் தேதிக்குள்.

கண் சுலபம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து ரங்கூன் கப்பலின் புகைபோக்கியில் எத்தனை வளையம் என்று எண்ணிவிடுவேன். தகப்பனார், அதாவது எங்கள் ஐயாதான், யோசிக்க வேண்டிய விஷயம்.

சாயங்காலம் விமானச் சத்தம். மாடிக்கு ஓடினேன். கீழே மீன்காரி கன்னியம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு: "இன்னா பொண்ணு, எப்பப் பாத்தாலும் மேலயே பாத்துகினு கீற? கய்த்து சுளுக்கிக்கினா யாரு கட்டுவான் உன்ன?"

இராயபுரத்தில் எந்தப் பேச்சும் மூன்றாம் வாக்கியத்தில் கல்யாணத்துக்கு வந்துவிடுகிறது. கன்னியம்மா கெட்டிக்காரி. இரண்டிலேயே வந்துவிட்டாள்.

அக்டோபர் 7, ஞாயிறு

வாசகசாலையில் ஐயா தலைமை. கப்பல் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர் தலைமை வகிக்கத் தோதான விஷயம்: பெண்கள் முன்னேற்றம். "நம்ம பெண்மக்கள் ஆகாயத்தைத் தொடணும்" என்றதும் கைதட்டல். பேச்சை எழுதிக் கொடுத்தது நான். 'ஆகாயம்' என்று எழுதும்போது ஓர் உத்தேசத்தோடுதான் எழுதினேன்.

கழுத்து மாலை வாடுவதற்குள் விண்ணப்பத்தை நீட்டினேன். ஐயாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஒன்றும் ஒளிக்கவில்லை.

அம்மா: "ஏட்டி, அதுல ஏறுனா தலைமுடி என்னத்துக்கு ஆகும்?"

ஐயா சிரித்தார். "நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு பாத்தியோ? டாக்டர் சரின்னா எனக்கும் சரி." கையெழுத்துப் போட்டேவிட்டார். போட்டுவிட்டு, "இதுக்கு நகல் கிடையாதா?" என்றார்.

ஐயா எந்தக் காகிதத்தையும் ஒற்றையாக வாங்க மாட்டார். ஒன்று வெளியே போக, ஒன்று இரும்புப் பெட்டிக்கு. கடை வழக்கம். ஆங்கிலக் காகிதமென்றால் படித்துச் சொல்லி, உறையில் போட்டு, விலாசம் எழுதி, பெட்டியில் அடுக்குவது என் வேலை. இந்த வீட்டில் நான் மகளும் குமாஸ்தாவும்.

இன்று தூக்கம் வராது. சந்தோஷத்தில்.

அக்டோபர் 10, புதன்

தெருக்கோடி டாக்டர். காலையிலேயே ஐயா, "ஒரு எட்டு பாத்துப் பேசிட்டு வாரேன்" என்று போய் வந்திருந்தார். நல்ல தகப்பனார் என்று நினைத்தேன். இதை எழுதிவைக்க வேண்டும், பிற்பாடு சிரிக்க உதவும்.

அட்டையில் நாலு எழுத்து வாசிக்கச் சொன்னார். ஐந்தாவதுக்குள் பேனாவை எடுத்துவிட்டார். கிட்டப்பார்வை, பறக்க லாயக்கில்லை, கையெழுத்து, முத்திரை.

"கண்ணாடி போடணுமா டாக்டர்?"

"அதெல்லாம் வேண்டாம்மா. சாதாரண உபயோகத்துக்குப் போதும்."

ரிக்‌ஷாவில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற வழியில் எதிர்ப்பக்கத்துப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே போனேன். சோடா கடை. சவரக் கடை. அதன் கீழே சிறிய எழுத்தில், 'ஞாயிறு காலை மட்டும் விடுமுறை.' இழுக்கிற முனுசாமி திரும்பிப் பார்த்தான். "இன்னா தங்கச்சி, கடை கடையா கணக்கெடுக்கிற? வரி போடப் போறாங்களா?"

சாதாரண உபயோகம் என்றால் என்னென்ன என்று கேட்டிருக்கலாம். அரிசியில் கல் பொறுக்குவது. மாப்பிள்ளையின் காலை மட்டும் பார்ப்பது.

அக்டோபர் 12, வெள்ளி

மேகம். புழுக்கம்.

சாப்பாட்டறைப் பக்கம் போகையில் காதில் விழுந்தது. ஐயா அம்மாவிடம்:

"நான் மாட்டேன்னா எதுத்து நிப்பா. டாக்டர் மாட்டேன்னா யாரு மேல கோவிக்க முடியும்? காதுங் காதும் வச்ச மாதிரி முடிச்சாச்சு."

அம்மா: "பாவம், அழுவாளே."

"ரெண்டு நா அழுவா. பொறவு சரியாயிரும்."

இன்று உடைந்தவை: கண்ணாடித் தம்ளர் ஒன்று (தற்செயல்). கண்ணாடித் தம்ளர் இன்னொன்று (தற்செயல் அல்ல).

அழவில்லை. அழுதால் அவர் சொன்ன கணக்கு சரியாகிவிடும். 'மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கோபம் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். ஊரறியக் கையெழுத்துப் போட்டுப் பெருமையையும் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக என் கண்ணையும் எடுத்துக்கொண்டார். ஆகாயத்தைத் தொடணுமாம். அடுத்த கூட்டத்துக்கு அவரே எழுதிக்கொள்ளட்டும்.

அக்டோபர் 15, திங்கள்

மழை. பஞ்சாங்கம் ஜெயித்தது.

கல்யாணத் தரகர் வந்தார். வண்ணாரப்பேட்டையில் மிளகாய் மண்டி. ஒரே பையன். தீபாவளி கழிந்து நிச்சயம் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

"பையன் எம்புட்டுக் கெட்டிக்காரன்னா மொதலாளி, ஒரு கை மொளகாய அள்ளுனா எடை சொல்லிருவான்."

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொன்னதாக வைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 19, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. சிரிப்பு. கெட்ட சிரிப்பு.

டாக்டரின் கம்பவுண்டருக்கு வீடு மிளகாய் மண்டிக்கு எதிர்ச் சந்தில். அங்கே அவர்தான் ஆங்கிலம் அறிந்த ஒரே மேதை. தந்தி வந்தாலும் அவர்தான் படிப்பார். அவர் வாயிலிருந்து புறப்பட்டது நாலு நாளில் இங்கே வந்து சேர்ந்தது.

கன்னியம்மா, சங்கரா மீனைத் திருப்பிக் காட்டியபடி, அம்மாவிடம்: "யம்மா, உம் பொண்ணுக்குக் கண்ணு அவுட்டாமே? பேட்டை பூரா அதே பேச்சுதான். நெசமா? அன்னிக்கு மேலருந்து என் கூடையில நண்டு கீதுன்னு சொல்லிச்சே அது!"

பிறகு தரகர், செருப்பைக்கூடக் கழற்றாமல்: "என்ன மொதலாளி, குருட்டுப் பொண்ணையா தலையில கெட்டப் பாத்தீக?"

ஐயா குடையைக்கூட எடுக்காமல் டாக்டரிடம் ஓடினார். திரும்பி வந்து அம்மாவிடம் கத்தியது மாடிவரை கேட்டது. டாக்டர் மாற்றி எழுத முடியாது என்றுவிட்டாராம். "எங்கையெழுத்த நானே பொய்யின்னு சொல்லவான்னு கேக்கான்!"

நியாயமான மனுஷர். தாமதமாக.

மண்டிக்காரர் வீட்டு நிபந்தனை: பெரிய கண் ஆஸ்பத்திரியில், வெள்ளைக்கார டாக்டர் கையால், காகிதம் வேண்டும். அதன் பிறகுதான் பெண் பார்க்க வருவார்கள்.

அக்டோபர் 23, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஐயா முன் ரிக்‌ஷாவில். நான் முனுசாமி வண்டியில், பின்னால். வழியெல்லாம் யோசனை.

தப்பாக வாசித்தால் மிளகாய் மண்டி போய்விடும். விமானமும் போய்விடும்.
சரியாக வாசித்தால் இரண்டும் இருக்கும்.

எனக்குத் தெரிந்து என் வாழ்க்கையில் என் வாயால் தீர்மானமாகப் போகிற முதல் விஷயம். அதுவும் எழுத்துக்கூட்டி.

இருபதடி தள்ளி உட்காரவைத்தார்கள். துரை குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வரி முடிந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆத்திரம் அடங்கவில்லை. அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும், ஊரையும் சேர்த்து வாசித்தேன்.

துரை குச்சியைக் கீழே வைத்தார். அருகே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டார். "அது இங்கே இருப்பது எனக்கே தெரியாது" என்றார் ஆங்கிலத்தில்.

ஐயா கேட்டார், என்ன சொல்லுதார் என்று. "நல்லாத் தெரியுதாம்" என்றேன்.

ஐயா இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு. ரெண்டு காப்பி வேணும்னு சொல்லு."

சொன்னேன். மொழிபெயர்ப்பில் இதுவரை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை.

அக்டோபர் 24, புதன்

விடாத மழை. கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளம் முழுகி ரயில் நிற்கிறது என்கிறார்கள்.

காலையில் ஐயா இரண்டு காகிதத்தையும் என்னிடம் கொடுத்தார். "ஒண்ண உறையில போட்டு ஒட்டி வை, தரகருக்கு. இன்னொண்ண பெட்டில வை."

"சரி ஐயா."

என்னிடம் ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது. தெருக்கோடி டாக்டருடையது. ஆக மூன்று. எல்லாமே ஆங்கிலம், எல்லாவற்றிலும் முத்திரை. மூன்றுமே ஐயா கேட்டு வாங்கியவை. நான் ஒன்றையும் எழுதவில்லை, ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.

பெட்டிக்கு: ஆஸ்பத்திரிக் காகிதம். சொன்னபடி.
கிளப்புக்கு: ஆஸ்பத்திரிக் காகிதம், ஐயா கையொப்பமிட்ட விண்ணப்பத்தோடு.
தரகருக்கு: மிச்சம் இருந்தது.

பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலாபீஸ். ரிஜிஸ்தர். குமாஸ்தா விலாசத்தைப் பார்த்தார். "யாருக்கும்மா இது? அண்ணனுக்கா?"

"இல்லை."

"தம்பிக்கா?"

"எனக்கு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ரசீது கொடுத்தார். பூகோளப் புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் இருக்கிறது.

அக்டோபர் 27, சனி

தரகர் வந்தார். உறையை வாங்கவில்லை. நாள் சரியில்லையாம், திங்கட்கிழமைதான் கையில் தொடுவாராம். நாலு நாளாக உறை சுவாமி படத்தின் முன்னால். அம்மா தினம் அதற்கும் ஒரு பூ வைக்கிறாள்.

அம்மாவைப் பார்க்கையில் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஐயாவைப் பார்க்கையில் இல்லை.

அக்டோபர் 29, திங்கள்

உறை போயிற்று.

கிளப்பிலிருந்து தபால் சேர்ந்த அத்தாட்சி வந்தது. யாரோ கிறுக்கிய கையெழுத்து. அதற்கு நான் பூ வைக்கவில்லை, ஆனால் நாலு முறை எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 31, புதன்

காலையில் சிறிது வெளிச்சம், பிறகு தூறல். அம்மா ரவை வறுக்கிறாள். சம்பந்தி வீட்டார் எப்போது வேண்டுமானாலும் சொல்லி அனுப்பலாமாம். ஐயா கடைக்குப் போகவில்லை. பட்டுக்கரை வேட்டி. அடுத்த வாரம் வாசகசாலையில் மறுபடி கூட்டமாம், பேச்சு எழுதித் தரச் சொன்னார். விஷயம்: பெற்றோர் சொல் கேட்பதன் மேன்மை. யோசித்து எழுதுகிறேன் என்றிருக்கிறேன்.

மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துறைமுகத்தில் மூன்று கப்பல். நடுவிலிருப்பதற்குப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையம்.

தெருக்கோடியில், டாக்டர் வீட்டுக்கும் அப்பால், யாரோ வருகிறார்கள். தரகர். குடை இருக்கிறது, விரிக்கவில்லை. ஓடி வருகிறார். கையில் என் கையால் விலாசம் எழுதிய உறை, ஓரம் கிழிந்து. நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்து மூக்கு நுனிவரை வந்துவிட்டது.