மூலையில் நின்ற கரும்பு

பாவா,

இன்று மாலை வேனைக் கழுவும்போது பின் சீட்டு இடுக்கிலிருந்து கரும்புச் சோகை கைநிறைய வந்தது. அந்தக் காய்ந்த இலை வாசனை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நின்று நீங்கள் கிண்டல் செய்வது போலவே இருந்தது. "இன்னா மச்சான், ஜனங்கள ஏத்தினு வந்தியா, கரும்ப ஏத்தினு வந்தியா?"

திருத்தணி மலையடிவாரத்தில் நான் சவாரிக்குக் காத்திருக்கும்போது, உரம் வாங்க வந்த சாக்கில் நீங்கள் வந்து சேர்ந்துகொள்வீர்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குடும்பமாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பீர்கள். "சாமியப் பாத்துட்டீங்க. சாமி இருக்கற சீமையப் பாக்க வேணாமா?" ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்றால் அதையே தெலுங்கில் சொல்வீர்கள். சவாரி பிடிக்க நான்தான் அக்கா புருஷனை ஏவிவிட்டிருக்கிறேன் என்று மற்ற டிரைவர்கள் பேசினார்கள். எனக்கு மானம் போகும். உங்களுக்கு அதெல்லாம் உறைத்தால்தானே.

முதலில் திருவாலங்காட்டுக் கோயில். காலை நேரே மேலே தூக்கி ஆடும் நடராஜரைக் காட்டிவிட்டு, "நம்ம வரப்புல நடந்து பாருங்க, நீங்களும் இப்படித்தான் காலத் தூக்குவீங்க" என்பீர்கள். சொன்னபடியே யாராவது ஒருவர் வரப்பிலிருந்து வழுக்கி நெல்வயலில் இறங்குவார். அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். கடைசியில் உங்கள் கரும்புக் கழனி. அதன் பிறகு அக்கா கையால் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும். அக்கா அடுப்படியை விட்டு வரவே மாட்டாள். பேச்சு முழுக்க உங்களுடையது.

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் கழனி மொத்தத்தையும் வெட்டி ஏற்றி அனுப்ப வேண்டும். நீங்கள் மட்டும் கிணற்றோரம் ஒரு மூலையை விடச் சொல்வீர்கள், பார்க்க வருகிறவர்களுக்காக. வெட்டுகிற ஆட்களின் மேஸ்திரி ஒவ்வொரு வருஷமும் முணுமுணுப்பார். "கரும்பு ஆலைக்கா, டூருக்கா?" என்று கேட்பார்.

நீங்கள் போன பிறகு அக்கா கழனிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "அவரே இல்ல, யாருக்கு இன்னாத்தக் காட்டறது? இந்தக் கரும்பு போவட்டும், பூமியக் குத்தகைக்கு வுட்டுடலாம்" என்றாள். குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கிப்போவாளோ என்று பயந்தேன். ஆனாலும் அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, போன வருஷம் தன் தம்பி வந்து போன கழனியைத் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் வெட்டு நடந்தது. கடைசி லோடு ஏறும் நேரத்துக்குப் போனேன். கழனி வெறிச்சென்று கிடந்தது. கிணற்றோரம் மட்டும் கரும்பு நின்றது. மேஸ்திரியைப் பார்த்தேன்.

"என்னக் கேக்காதப்பா. உங்க அக்காதான் காலையிலயே வந்து குறுக்க நின்னுகினாங்க. இந்த மூலையத் தொடாதன்னாங்க."

வீட்டுக்குப் போனால் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வுடச் சொன்னியாக்கா?"

"ஆங், சொன்னேன். மனசு கேக்கல. அந்த மெட்ராஸ் அம்மா கேட்டாங்கன்னியே, வரச் சொல்லு."

இன்று அவர்கள் வந்தார்கள், பாவா. கோயில் வரைக்கும் நான்தான் பேசினேன். உங்கள் அளவுக்குப் பேச வராது. கழனியில் அக்கா முன்னே நடந்தாள். உங்களைப் போல அவள் கதை விடவில்லை. கரும்பை அடியோடு வெட்டிக் கையில் கொடுத்து, "தின்னுங்க" என்றாள், அவ்வளவுதான். அந்த அம்மா வெட்டிய கழனியைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சு போச்சேங்க, இனிமே புதுசா நடணுமா?" என்று கேட்டார்.

அக்கா குனிந்து, தரையோடு இருந்த ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டினாள். "எதுக்கு நடணும்? இதுலேர்ந்தே வரும். மறுதாம்புன்னு சொல்லுவோம். தண்ணி கட்டிட்டு இருந்தா போதும். அடுத்த வருஷம் வாங்க, இதையே வெட்டித் தரேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். குத்தகைப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து நாளைக்கு என்று ஒரு வார்த்தை பேசாதவள், இன்று யாரோ ஒரு அம்மாவிடம் அடுத்த வருஷம் என்றாள். அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன், பாவா. இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷம்.