பாப்போம்

அத்தை,

இன்று காலை சாரலில் நனைந்தபடி ஒருவர் வந்தார். நம் சிற்றாற்றங்கரைத் தோப்பை விலைக்குக் கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாப்போம்" என்றார். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து ஆலங்குளத்துக்காரர். அவருக்கு அதன் அர்த்தத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போனவர் நீங்கள். அங்கேயே தேர்தலில் நின்று, ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தீர்கள். விடுமுறையில் வந்திருந்தபோது குற்றாலத்தில் பழக்கடை அக்கா கேட்டாள்: "அமெரிக்கா எம்.எல்.ஏ.ங்காங்க, ஆட்டோல வந்து இறங்குதீங்க?"

"அங்கன நானேல்லா கார் ஓட்டணும். இங்கனயாவது டிரைவர் இருக்காரே" என்றீர்கள்.

பிறகு அந்த மசோதா. உங்கள் தொகுதியின் ஆற்றுத் தண்ணீரை ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது. கொண்டுவந்தது உங்கள் கட்சியே. வாக்கெடுப்புக்கு முன் அப்பாவிடம் போனில் பேசினீர்கள்.

"எங்க கட்சித் தலைவர் என் ஓட்டைக் கேட்டார், அண்ணே. பாப்போம்னுட்டேன்."

"இங்கிலீஷ்லயா? ஏட்டி, அவனுக்கு அது வெளங்குமா?"

"வெளங்காம என்ன. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்லா சொன்னேன்."

தலைவரோ உங்களை ஆதரவுப் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை லேப்டாப்பில் நேரலை. சபைச் சுவரில் பெயர்ப்பலகை. பெயர்களின் அருகே ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. உங்கள் பெயர் மட்டும் இருட்டாக. தலைவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். அப்பா கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

சிவப்பு.

ஒரே ஓட்டில் மசோதா தோற்றது. வாக்கு மாறியவள் என்றார்கள். அடுத்த தேர்தலில் கட்சி வேறொருவரை நிறுத்தியது. தனியே நின்று தோற்றீர்கள். "நான் முடியாதுன்னுதானே சொன்னேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

போன சீசனுக்கு முன் நான் போனில் கேட்டேன்: "சாரலுக்கு வாரீங்களா, அத்தை?"



"பாப்போம்."

மாடி அறையைப் பெருக்கினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அந்த போனுக்கு முன்பே டாக்டர்கள் உங்களைக் கைவிட்டிருந்ததை, எல்லாம் முடிந்த பிறகுதான் மாமா சொன்னார்.

தென்காசியிலேயே பிறந்தவன் நான். எனக்கும் விளங்கவில்லை. போனில் முகம் தெரியாது.

இப்போது யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் முகத்தைத்தான் பார்க்கிறேன். இன்று காலை அப்பாவையும் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே சாரல். திரும்பியிருந்த அந்தப் பாதி முகம், அத்தை, உங்களுடையது.