இருபத்தாறாவது கோடு

786

செங்கல்பட்டு,
21-9-1957.

அன்புத் தம்பி ஷேக் தாவூதுக்கு அக்கா ஷஹர்பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதுவேன். இந்தத் தடவை எழுத முடியாது. பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மனைவி பதருன்னிசா உயிரோடு இருக்கிறாள். உள் அறையில் படுத்திருக்கிறாள். உன் மகள் ஃபக்ருன்னிசாவுக்கு ஒன்றுமில்லை. பினாங்குக்குத் தந்தி கொடுக்கலாம் என்று உன் மச்சான் சொன்னார். நாலு வார்த்தைத் தந்தியை வைத்துக்கொண்டு நீ என்னென்னவோ நினைத்துப் பயப்படுவாய் என்று நான்தான் தடுத்தேன். தடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தாம் தேதி வியாழக்கிழமை நானும் பதருவும் ஃபக்ருவும் கோவளத்தில் உள்ள அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பினோம். உன்னிடம் வரக் கப்பல் ஏறுவதற்குள் அவள் அம்மாவோடு நாலு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். திருப்போரூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம். நல்ல வெயில். ஃபக்ரு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்க்கிறேன், பதரு அப்படியே சரிந்து மண்ணில் விழுந்துவிட்டாள். குழந்தை போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பூக்காரி ஒருத்தி ஓடிவந்து தண்ணீர் தெளித்தாள். துப்பட்டியை விலக்கி அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, இந்தப் பொண்ணு சோறு துண்ணுதா இல்லியா? வெறும் எலும்பா கீதே" என்று என்னைத்தான் முறைத்தாள். கோயிலுக்கு வந்திருந்த ஒரு புண்ணியவான் தம் காரில் ஏற்றி எங்களைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார்.

அங்கே சாராள் என்று ஒரு டாக்டரம்மா. பார்த்த மாத்திரத்தில் சொன்னாள், இந்தப் பெண் மாதக் கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறாள் என்று. எனக்கு வந்ததே கோபம். எங்கள் வீட்டில் நாய்கூடப் பட்டினி கிடந்தது கிடையாது என்று சத்தம் போட்டேன். அவள் நோன்பு பிடிக்கிறாள், மார்க்கப் பற்றுள்ள பெண், உங்களுக்குத் தெரியாது என்றேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "ரம்ஜான் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

நானே அதை யோசித்திருக்க வேண்டும். பெருநாளுக்கு மறுநாள் ஆறு நோன்பு என்று ஆரம்பித்தாள். எல்லோரும் பிடிப்பதுதானே. பிறகு களா நோன்பு என்றாள். ஃபக்ருவைச் சுமந்த வருஷத்தில் விட்டது முப்பது, பால் கொடுத்த வருஷத்தில் விட்டது முப்பது, பினாங்குக்குக் கடனோடு போகக் கூடாது என்றாள். விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிக்கிறேன் என்பவளை யார் தடுப்பார்கள்? தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், என் தம்பி பெண்சாதியைப் பாருங்கள் என்று. அவள் விடியுமுன் சஹருக்கு எழுந்து தண்ணீர் மட்டும் குடித்ததும், பொழுது சாய்ந்து மஃக்ரிபுக்கு ஒரு பேரீச்சம்பழத்தோடு தலைவலி என்று படுத்ததும் என் கண்ணில் படவில்லை. நோன்பு கூடாத ஹஜ்ஜுப் பெருநாளன்று வயிற்றுவலி என்றாள். அதையும் நம்பினேன். அறுபது எப்போதோ முடிந்துவிட்டது. பெண்களுக்கு நோன்பு விட வேண்டிய நாட்கள் மாதாமாதம் உண்டே, அவையும் அவளுக்கு வரவில்லை. ஒரு அக்கா தம்பிக்கு எழுதக் கூடாத விஷயம். டாக்டரம்மாதான் எழுதச் சொன்னாள், உடம்பு அவ்வளவு தூரம் போய்விட்டது என்று உனக்குப் புரிய வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தபோது, பாத்திரம் தேய்க்கிற எல்லம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு என்னை விறகுத்தொட்டிக்குள் அழைத்துப்போனாள். உன் மச்சான் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து சவுக்குக்கட்டை இறக்கி அடுக்குகிறாரே, அந்த அடுக்குக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடுகள். மொத்தம் ஐம்பத்திரண்டு கோடு போட்டிருக்கிறது. கடைசியிலிருந்து பதினாலு கோடு அழித்திருக்கிறது. இருபத்தாறாவது கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குத் தெருவில் உள்ள ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், தொட்டியில் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் பதரு விறகுத் தராசின் ஒரு தட்டில் ஏறி உட்காருவாளாம், எல்லம்மாள் மறு தட்டில் எடைக்கல் வைப்பாளாம். ஐம்பத்திரண்டு வீசையில் ஆரம்பித்தது. ஒரு வீசை, அதாவது மூன்று ராத்தல், குறைந்தால் ஒரு கோட்டை அழிப்பது. இருபத்தாறுக்கு வந்தால் நிறுத்திக்கொள்வது. "பாதியாவணும்னு சொல்லிகினே இருந்தாங்கம்மா, நான் இன்னா பண்றது, உங்க கைல சொன்னா செத்துடுவேன்னாங்க" என்று எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏன் பாதி என்று நீ கேட்பாய். அதை எழுத இன்னும் கை வரவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவில் ஒன்றை உனக்கு அனுப்பினோம். ஆளே மாறிவிட்டாள், முதலில் அடையாளம் தெரியவில்லை என்று எழுதினாய். ஆறு வருஷம் நீ அங்கே, அவள் இங்கே. நீ பார்க்காத பிள்ளையைப் பெற்று வளர்த்தவள் மாறாமல் என்ன செய்வாள்? பத்தொன்பது வயதில் நீ விட்டுப் போன பெண்ணைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போம் என்று நினைத்தாயா?

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். மூன்றாம் நாள் வாய் திறந்தாள். கண்ணாடியில் பார்த்தால் இன்னும் அந்தப் போட்டோவில் இருக்கிறவள்தான் தெரிகிறாளாம். கன்னம் ஒட்டிப்போய் வளையல் முழங்கை வரை ஏறுகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. இன்னொன்று சொல்லித்தான் தேம்பித் தேம்பி அழுதாள். "அக்கா, நோன்பு நோன்புன்னு சொல்லிகினு அல்லாவையே ஏமாத்திட்டேன், என் நிய்யத்து வேறயா இருந்திச்சு" என்றாள். எண்ணம் சரியில்லாத நோன்பு சேராது என்று அவளுக்குத் தெரியும். நோயாளிக்கு நோன்பே கடமை இல்லை, நீ நோயாளி, அல்லாஹ்வுக்கு அது தெரியாதா என்றேன். கேட்டுக்கொண்டாள், மனம் ஆறியதா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதருவுக்குப் பிள்ளை பெற்ற பிறகு முழங்கால் வலி இருந்தது உண்மை, கொஞ்சம் எடை குறைந்தால் நல்லதுதான். ஆனால் அதை உடம்பு தேறிய பிறகுதான், மாதத்துக்கு ஒரு வீசைக்கு மேல் போகாமல், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே செய்ய வேண்டும். சோற்றைப் பாதித் தட்டோடு நிறுத்தி, கீரையும் மீனும் பருப்பும் சேர்க்கச் சொன்னாள். காலையில் நடக்கச் சொன்னாள். அது இன்றைக்கு வேண்டாம், இப்போது கஞ்சி இறங்கினால் போதும் என்றாள். "இது வவுத்து நோய் இல்லம்மா, மனசு நோய். தன்னையே புடிக்காம போனவளுக்கு எவ்ளோ எளைச்சாலும் போதாது" என்றாள். டாக்டரம்மாவும் நல்ல கனத்த உடம்புக்காரிதான். பதரு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் டிசம்பரில். டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். இந்த நிலையில் கையெழுத்துப் போட மாட்டேன், நவம்பரில் அழைத்து வாருங்கள், பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். பதருவோ, இப்படியே அத்தானிடம் போக மாட்டேன், இன்னும் பன்னிரண்டு கோடு இருக்கிறது என்கிறாள். தராசை உன் மச்சான் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். அவர் காலைப் பிடித்துக் கேட்டாள். என் கண்முன் கஞ்சி குடிக்கிறாள், பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டுக் கண் சிவந்து வருகிறாள், குடித்தது உள்ளே நிற்பதில்லை. பின்னாலேயே போய்க் காவல் நிற்காதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். நான் அடுப்பங்கரையில் நின்று காதைப் பொத்திக்கொள்கிறேன்.

இன்றைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தது நேற்று நடந்ததால்தான். ஃபக்ருவுக்குச் சோறு பிசைந்து வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "எனக்கு வேணாம், நானும் பாதியாவணும், இல்லன்னா அத்தா கப்பலாண்ட வரமாட்டாரு" என்றாள். ஐந்து வயதுக் குழந்தை, தம்பி. பதரு கதவோரத்தில் நின்று அதைக் கேட்டாள். உள்ளே வந்து குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டினாள். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவளையே பார்த்தது. அந்த ஒரு வாயைப் பதரு தானே சாப்பிட்டாள். பிறகுதான் குழந்தை வாயைத் திறந்தது. இரண்டு பேரும் மாறி மாறி ஏழு வாய் சாப்பிட்டார்கள். எட்டாவது வாய்க்குப் பதரு எழுந்து போய்விட்டாள்.

அத்தா வரமாட்டார் என்று குழந்தைக்கு யார் சொன்னது என்று நீ திகைப்பாய். நீ அப்படி எழுதவே இல்லை. எழுதியதாகச் சொன்னவள் நான்.

ரம்ஜான் பெருநாளன்று மத்தியானம் தெருப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். உன் கடிதம் முந்தின நாள் வந்திருந்தது. தம்பி என்ன எழுதியிருக்கிறான், படி படி என்றார்கள். படித்தேன். ஆளே மாறிவிட்டாள், அடையாளம் தெரியவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும், இவ்வளவுதான் உன் கையெழுத்தில் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அதே குரலில் சேர்த்துப் படித்தேன்: "இப்படியே ஏறினால் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பாதியாக இளைத்து வந்தால்தான் துறைமுகத்துக்கு வந்து அழைத்துப்போவேன்." கூடம் முழுக்கச் சிரிப்பு. பதருவும் சிரித்தாள். அந்த ராத்திரியே அது எனக்கு மறந்துவிட்டது. நான் தராசில் ஏறினால் உன் மச்சானின் எடைக்கல் எல்லாம் போதாது. என் உடம்பை நானே கேலி செய்து பழகியவள், அவள் உடம்பையும் என் சொத்துபோல எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் பாதி, பாதி என்று முனகியபோதுதான் எனக்கு உறைத்தது. தந்தியைத் தடுத்ததும் அதற்குத்தான். நீ பதறி அடித்து எழுதினால் விஷயம் வெளியே வந்துவிடுமே என்ற பயம். நேற்றுக் குழந்தை சொன்ன பிறகு பதருவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் பழைய கடிதத்தை எடுத்து விரித்து, பார், இங்கே அந்த வரியே இல்லை என்று காட்டினேன். அவள் காகிதத்தை வெறித்துப் பார்த்தாள். தமிழ் எழுத்து தெரியாதவளுக்கு எதைக் காட்டி என்ன? "தம்பிய காப்பாத்தறதுக்கு சொல்றீங்க. நீங்க படிக்கறது எதையும் இனிமே நான் கேக்கமாட்டேன் அக்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த ஆறு வருஷமும் உன் வார்த்தை என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போனது. அவள் வார்த்தை என் பேனா வழியாகத்தான் உனக்கு வந்தது. நடுவில் நான் இருந்தேன். இருக்க எனக்குப் பிடித்திருந்தது. அவள் கோவளத்தில் அம்மா மடியில் அரபுத் தமிழ்க் கிதாபு வாசித்து வளர்ந்தவள். குர்ஆனை என்னைவிட நன்றாக ஓதுவாள். நீயும் மதரசாவில் லெப்பையிடம் அரபு எழுத்தில் தமிழ் எழுதக் கற்றவன்தான். மனைவிக்கு அப்படி எழுதேன் என்று உன்னிடம் ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு வேலை இல்லாமல் போயிருக்கும்.

இப்போது சொல்கிறேன். அரபு எழுத்தில், உன் கையாலேயே அவளுக்கு எழுது. கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அழகி, ராணி என்றெல்லாம் எழுதாதே, நம்ப மாட்டாள். நீ எதை எழுதினாய், எதை எழுதவில்லை என்பதை எழுது. அடையாளம் தெரியவில்லை என்று எழுதியதற்கு அவளிடம் நீயே பதில் சொல். எத்தனை ராத்தல், எத்தனை வீசை என்று ஒரு எண்ணும் அதில் வேண்டாம், அதை அவளும் டாக்டரம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். போன மாதம் பினாங்கிலிருந்து ஊருக்கு வந்த நூர்முகமது, உனக்கு முன்தலையில் முடியே இல்லை, இரண்டு பல் கட்டியிருக்கிறாய் என்று சொன்னான். தொப்பி போட்டே போட்டோ அனுப்புகிறாயே, அதையும் எழுது. துறைமுகத்தில் நிற்கப்போகிறவனும் பழைய மாப்பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும். டிசம்பர் தவறினால் அடுத்த கப்பல் என்றும் எழுது. எப்படி வந்தாலும் நிற்பேன் என்று எழுது. அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுது.

உறை மேல் என் பெயரைப் போடாதே. பதருன்னிசா என்று போடு. தபால்காரர் கொடுத்ததும் அவள் கையில் கொடுத்துவிட்டு, ஃபக்ருவையும் அழைத்துக்கொண்டு நான் ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்கவும் மாட்டேன்.

அல்லாஹ் உன்னையும் உன் குடும்பத்தையும் சீக்கிரம் ஒரே வீட்டில் சேர்த்து வைக்கட்டும். அவள் என்னை மன்னிக்காவிட்டாலும் போகட்டும் தம்பி, எட்டாவது வாய் சாப்பிடட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது.

உன் அக்கா,
ஷஹர்பானு