கடைசி ஒதுக்கீடு

2018 ஏப்ரல் 23, திங்கள்

விடிந்ததும் வாசலில் ஆட்கள். ஒக்டோபரில் மாகாண சபையோடு என் உறுப்பினர் பதவியும் முடிகிறது என்பது கெலிஓயா முழுக்கத் தெரிந்துவிட்டது. கேட்பதை எல்லாம் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும்.

கட்சிக் கிளைத் தலைவர் ஹாஷிம் ஹாஜியார்தான் முதலில் வந்தார். ஹார்ட்வெயார் கடைக்காரர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு சும்மா இருந்த என்னைத் தேர்தலுக்கு இழுத்து வந்தவரும் அவரே. அடுத்த தேர்தலுக்கு இப்போதே ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டுமாம்: 'எங்கள் உறுப்பினர் செய்தவை.' என்ன செய்தேன்? மரண உதவிச் சங்கங்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை. தையல் மெஷின். பாடசாலைகளுக்குத் தண்ணீர்த் தாங்கி. மறுபடியும் கதிரை. ஊரில் யார் மௌத்தானாலும் வருகிறவர்கள் உட்காருவது என் கதிரையில்தான், அதையே பெரிய எழுத்தில் போடுவோம் என்றேன். ஹாஜியார் சிரிக்கவில்லை.

ஊர் வேலைகளுக்கென்று எனக்குத் தருகிற ஒதுக்கீட்டில் மிச்சமிருக்கும் பணத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள வீதிக்குக் கொங்கிரீட் போடச் சொல்கிறார். மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரத்தில் முஸ்லிம் கடைகளை எரித்ததிலிருந்து எங்கள் ஆட்கள் நொந்துபோய் இருக்கிறார்கள், நமக்கென்று ஒருவர் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார். நியாயம்தான். பார்ப்போம் என்றேன்.

பிறகு கம்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து மாதர் சங்கத்து வடிவம்மாவும் இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் படிக்கட்டு உடைந்துவிட்டதாம். மகள் ஷஹ்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. "இருக்கட்டுங்க டீச்சர்" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்கள். தண்ணீராவது குடியுங்கள் என்றேன். அதுவும் வேண்டாமாம். போன தடவையும் இதேதான்.

முஸ்லிம் வீட்டுக் கோப்பை என்றா? மார்ச்சுக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த நினைப்புத்தான் வருகிறது. மனசு வலிக்குது. அதை எழுதவே வெட்கமாவும் இருக்கு.

ஏப்ரல் 29, ஞாயிறு

படிக்கட்டைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். வடிவம்மா வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். நான் உங்களைப் போல இல்லை என்று காட்ட வேண்டாமா? வீம்புக்கு ஒன்றுக்கு மூன்றாகக் குடித்தேன். நல்ல தேத்தண்ணிதான். அதற்குரிய தண்டனையும் கையோடு கிடைத்தது.

இறங்கும் வழியில் வேன் நின்றுவிட்டது. டிரைவரை அங்கேயே விட்டுவிட்டு, கூட வந்த வடிவம்மாவோடு பஸ்ஸில் கல்லுமேட்டுச் சந்திக்கு வந்தேன். மேலே உள்ள தோட்டங்களிலிருந்து வருகிற எல்லோரும் அங்கேதான் பஸ் மாற வேண்டும். அடுத்த பஸ் எப்போது என்று பஸ் நேரம் பதிகிற டைம்கீப்பருக்கே தெரியவில்லை. நேரம் போகப் போக எனக்கு நிற்க முடியவில்லை. ஆம்பிளைகள் மதிலுக்குப் பின்னால் போய் வருகிறார்கள். நான் எங்கே போவேன்? சாப்பாட்டுக் கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள். கடைசியில் கீழே ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். மாகாண சபை உறுப்பினர் என்று சொல்லித்தான் உள்ளே போக முடிந்தது. எவ்வளவு பெரிய பதவி எனக்கு!

திரும்பி வந்தபோது வடிவம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"டவுனுக்கு வர்ற அன்னிக்கு நாங்க விடிஞ்சதிலேர்ந்து தண்ணி குடிக்கிறதே இல்லீங்க டீச்சர். ஒங்க வீட்ல தேத்தண்ணி வாசத்தப் புடிச்சுக்கிட்டே ஒக்காந்திருப்போம்."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருகிற பிள்ளைத்தாய்ச்சிகள்? பஸ் மாறிப் படிக்கப் போகிற பெரிய பிள்ளைகள்? தொண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்தேன்.

மே 6, ஞாயிறு

ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன். வீதி இல்லை. கல்லுமேட்டுச் சந்தியில் பெண்களுக்கு மலசலகூடம்.

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"கக்கூஸ் கட்டிக் குடுத்து வோட் கேக்க ஏலுமா டீச்சர்? அதுவும் எங்கட ஆக்கள் இல்லாத இடத்துல. அடுத்த லிஸ்ட்ல உங்கட பெயரப் போடச் சொல்லி நான் எந்த முகத்தோட கேக்கிற?"

மிரட்டவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

நஸீமிடம் கேட்டேன். என் புருஷன் எதற்கும் நேராகப் பதில் சொல்கிறவர் இல்லை. பள்ளிவாசல் வீதியில் மழைக்குச் சறுக்கி விழுந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். அதில் அவர் உம்மாவும் ஒருவர். ஆகவே நான் செய்வது சரியா பிழையா? தெரியவில்லை. ஒரு ஒதுக்கீடு, இரண்டு நியாயம். எதைக் கைவிட்டாலும் அது என் தலையில்தான்.

மே 21, திங்கள்

நோன்பு. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை. ஆனால் எனக்கு நோன்பு திறக்க மஃரிப் பாங்கு என்று ஒன்று இருக்கிறது.

ஜூலை 10, செவ்வாய்

அத்திவாரம் வெட்டுகிறார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு இரண்டு அறை போதுமாம், எனக்கு நாலு வேண்டும். பெண்கள் வரிசையில் நிற்பதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நாலு போட்டுவிட்டார்.

செப்டம்பர் 3, திங்கள்

திறந்தாயிற்று. மலசலகூட வாசலில் ரிப்பன் வெட்டிப் படம் பிடிக்கப் பெரியவர்கள் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஹாஜியாரும் வரவில்லை. வடிவம்மாதான் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அவ்வளவுதான் விழா. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

செப்டம்பர் 11, செவ்வாய்

பூட்டு! கதவில் கொழுத்த பூட்டு. பெண்கள் முன்பு நின்ற அதே மரத்தடியில் நிற்கிறார்கள். சாவி டைம்கீப்பரிடம். எனக்குச் செய்தி சொல்கிற முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"புதுசு மாதிரியே வச்சிருக்கேன் டீச்சர். ஒருத்தரையும் உள்ள விடல."

யாருக்கு வச்சிருக்கே? மந்திரி வந்து போவாரா? நடுச்சந்தியில கத்திட்டேன். டீச்சர்மார் இப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன். அந்த மனுசன் பயந்துபோய்ச் சாவியை நீட்டினார். நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார், பாவம். பூட்டைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். சுத்தம் செய்ய ஒரு ஆள் போடும்படி பிரதேச சபைக்கும் எழுதியாயிற்று. போடும்வரை வடிவம்மாவின் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

ஒக்டோபர் 8, திங்கள்

இன்றோடு சபை முடிந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. துண்டுப்பிரசுரம் அச்சாகவில்லை. அடுத்த தேர்தலுக்கு வேறு ஒருவரைப் பார்த்திருக்கிறார்களாம், ஹாஜியார் சொல்லி அனுப்பினார். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். அழுதேன். நஸீம் தன் கடையைத் திறக்கப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

2025 நவம்பர் 9, ஞாயிறு

அலுமாரியை ஒதுக்கும்போது இந்தக் கொப்பி கிடைத்தது. பக்கம் மிச்சமிருக்கிறது, நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அந்த மாகாண சபைத் தேர்தல் இன்னும் வரவில்லை. எனக்குப் பதிலாகப் பார்த்து வைத்தவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஹாஜியார் மட்டும் இந்த வருடம் பிரதேச சபைக்குத் தெரிவாகிவிட்டார்.

வடிவம்மாவின் மகன் அஜந்தனுக்குக் கல்யாணம். போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது கல்லுமேட்டுச் சந்தியில் இறங்கினேன். மலசலகூடத்துக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட். சுவர் முழுக்க சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'கௌரவ ஹாஷிம் ஹாஜியார் அவர்களின் எண்ணக்கருவில் உருவானது.'

எண்ணக்கரு! எனக்குக் கோபம் வந்தது. முன்னால் நின்ற பெண்ணிடம், இதைக் கட்டியது அவர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டது, உள்ளே போய்விட்டாள். அடுத்தது நான். போனேன். தண்ணீர் வந்தது. தரை சுத்தம். கூரையில் புதுத் தாங்கி, அது அவர் போட்டதாகத்தான் இருக்கும். கதவை உள்ளே பூட்டத்தான் கொண்டி இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் சலாத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் எதற்கு எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ தெரியாது.

"ஹாஜியார், கல்லுமேட்டுச் சந்தியில உங்கட எண்ணக்கருவுக்கு ஒரு கொண்டி இல்ல" என்றேன்.

ஹார்ட்வெயார் கடைக்காரர் அல்லவா, எத்தனை கதவு என்றுதான் கேட்டார்.

"நாளைக்கே கடையில இருந்து ஆள் அனுப்புறேன் டீச்சர்."

இன்று மதியம் வடிவம்மா ஃபோன் பண்ணினாள். நாலு கதவுக்கும் புதுக் கொண்டி போட்டுவிட்டார்களாம்.