நான் இறந்த மார்ச் பதினொன்று

மார்ச் 11

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் இறந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அதுவும் இன்றைக்கு இல்லை, ஒன்பது வருடத்துக்கு முன்பே. இத்தனை நாளும் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

'இதே நாளில்' என்று ஒரு நிகழ்ச்சி. பாட்டு உலகத்தில் அந்தத் தேதியில் நடந்ததையெல்லாம் தினமும் வரிசையாகச் சொல்வார்கள். இன்று ஒருவர் மேடையில் கிடாரை உடைத்ததற்கும், எங்கோ ஒரு நால்வர் குழு மேலாளரோடு சண்டை போட்டுப் பிரிந்ததற்கும் நடுவில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். இனிஷியலோடு முழுப் பெயர். பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல்.

பிறகு பாராட்டு. "அந்தப் பாட்டோட உச்ச வரியில அவங்க ஏறுன ஏற்றத்தை யாரால மறக்க முடியும்?" என்றார் அறிவிப்பாளர். வாயில் நுரையோடு நின்று கேட்டேன். என்னால் முடியும். ஏனென்றால் ஏறியது நான் இல்லை, நெட்டை. நான் குட்டை. எங்கள் இருவரையும் அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மெட்டைப் பாடுவது அவள். அதற்கு அடியில், வேறு சுரங்களில் கூடவே போவது நான். எங்களுடையது ஒரே ஒரு பாட்டுதான் ஓகோவென்று ஓடியது. இரண்டு பேர் சண்டை போட்டுப் பிரிய அது தாராளமாகப் போதும்.

ஒன்பது வருடத்துக்கு முன் இதே நாளில் இறந்ததும் அவள்தான்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். "அம்மா, நீ செத்துட்டேன்னு எங்க ஆபீஸ் குரூப்ல போட்டிருக்காங்க. சாப்பிட்டியா?"

மார்ச் 12

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில் என்னைப் பார்த்ததும் டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். "நீங்க பாடுவீங்கன்னு சொல்லவே இல்லையே?"

"இப்பப் பாடறதில்ல சார். செத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

மார்ச் 13

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் இசைத்தட்டின் அட்டையில் படத்துக்குக் கீழே பெயர்களை இடம் வலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். அப்போது நெட்டை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் செத்தபோது ஏதோ ஒரு பத்திரிகை அந்த அட்டையில் அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழே இருந்த பெயரையும் நம்பிப் போட்டுவிட்டது. என் பெயரை. யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் விட்டுவிட்டேன். வானொலிக்காரர்கள் படித்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் கழித்து, நிதானமாக.

மார்ச் 15

டிரம்மர் போன் செய்தான். எங்கள் குழுவில் டிரம் வாசித்தவன், நெட்டையைக் கட்டிக்கொண்டவன். அவள் போன பிறகு தனியாக இருக்கிறான். 'நீ செத்துட்டியாமே' என்று கிண்டல் செய்யப்போகிறான் என்று நினைத்து, நானும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் கிண்டல் செய்யவில்லை.

"அவளுக்குன்னு இருக்கறது வருஷத்துல அந்த ஒரு நாள்தான் குட்டை. இந்த வருஷம் ரேடியோல சொல்லுவாங்கன்னு யாரோ சொன்னாங்க. விடிஞ்சதுல இருந்து பக்கத்துலயே உக்காந்திருந்தேன். உன் பேரு வந்துச்சு."

"அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்? நானா போய்ச் செத்தேன்?"

"மாத்தச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க, உயிரோட இருக்கியே."

அதென்னவோ நான் வேண்டுமென்றே உயிரோடு இருக்கிற மாதிரி!

மார்ச் 18

வானொலி நிலையத்துக்குப் போன் போட்டேன். அதே அறிவிப்பாளர்தான் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும், "மேடம், உங்களோட பெரிய ரசிகன் நான்," என்றார். செத்தவளிடம் பேசுகிற பயம் கொஞ்சமும் இல்லை. நல்ல பயிற்சி.

திருத்தம் வேண்டும் என்றேன்.

"கண்டிப்பா போடறோம் மேடம். அடுத்த மார்ச் பதினொண்ணு."

"ஏன், நாளைக்கு என்ன?"

"நாளைக்கு மார்ச் பத்தொன்பது மேடம். அந்தத் தேதிக்கு அந்தத் தேதி விஷயம் மட்டும்தான் சொல்லணும். நிகழ்ச்சியோட விதியே அதுதான். நீங்க பத்தொன்பதாம் தேதி ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு மார்ச் பத்தொன்பதில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதைச் சொல்லவில்லை.

ஆகவே நான் இன்னும் ஒரு வருடம் செத்திருக்க வேண்டும். திருத்தம் வேண்டுமானால் அதுவரை உயிரோடும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 2

உயிரோடு இருந்தபோது எங்கள் பாட்டை எங்கேயும் போடமாட்டார்கள். செத்த பிறகு சூப்பர் மார்க்கெட்டில், லிஃப்டில், பல் டாக்டரின் அறையில்கூடப் போடுகிறார்கள். இன்று கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த அம்மா ஒருவர், மரத்துப்போன வாயோடு என்னிடம், "பாவம், நல்ல குரல்," என்றார். ஆமாம், பாவம்தான் என்றேன்.

ஏப்ரல் 20

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

இணையத்தில் அந்தப் பாட்டுக்குக் கீழே ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறேன். 'அந்த உச்ச வரிக்காகவே அழலாம்' என்று என் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள். பாடின காலம் முழுக்க நான் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் நின்றவள். அவள் குரலை மறைத்துவிடக் கூடாது என்று ஒலிப்பதிவுக்காரர் தரையில் சுண்ணாம்பால் கோடே போட்டு வைத்திருந்தார். ஒருவர்கூட வந்து 'நீ நன்றாகப் பாடினாய்' என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள் — எனக்குச் சேராததை. அதனால் என்ன? கிடைக்கிறதே.

ஜூன் 9

டிரம்மர் கேட்டான், "போட்டாங்களா?" தேதி விதியை மறுபடி விளக்கினேன். "அப்ப மார்ச் வரைக்கும் நான் இருக்கணும்," என்றான். அவனுக்குச் சிறுநீரகம் சரியில்லை. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஜூலை 30

ஒன்றும் நடக்கவில்லை. செத்தவர்களுக்கு இதுதான் வசதி.

செப்டம்பர் 14

அறிவிப்பாளர் தானாகவே கூப்பிட்டார். குரலில் பண்டிகைக் களை.

"மேடம், சூப்பர் ஐடியா. மார்ச்சுல நீங்களே லைவ்ல வாங்க. 'இறந்ததா நினைச்ச பாடகி இதோ நேர்ல!' அந்த உச்ச வரியை நீங்க பாடறீங்க. சும்மா அதிரும்."

"உச்ச வரி பாடினது நான் இல்ல. இன்னொருத்தி. அவதான் —"

"அதெல்லாம் எதுக்கு மேடம்? அவங்க பேரே யாருக்கும் தெரியாது. மூணு நிமிஷம்தான் இருக்கு, ரெண்டு பேர் கதைன்னா குழம்பிடும். 'சாகலை'ன்னு ஒரே ஒரு திருத்தம். அவ்வளவுதான்."

அதாவது எனக்கு உயிரும் வரும், அவள் குரலும் வரும். அவளுக்கு அந்தத் தேதிகூட மிஞ்சாது.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "யோசிச்சு சொல்றேன்." என்ன ஜென்மமோ நான்.

செப்டம்பர் 15

யோசிக்கிறேன்.

செப்டம்பர் 28

'சரி, வர்றேன்' என்று சொல்லிவிட்டேன். என்ன பேசுவேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிரம்மரிடம் "லைவ்ல கூப்பிட்டிருக்காங்க," என்று மட்டும் சொன்னேன். "நீ போனா சரியாச் சொல்லிடுவே," என்றான். இப்படி நம்பிக்கை வைத்தே ஆளைக் கொல்கிறான்.

டிசம்பர் 3

மகள் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அந்தப் பாட்டுல நீ எதைத்தான் பாடின? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

பாடிக் காட்டு என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற மகளுக்கே தெரியாது! அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 19

டிரம்மரைப் பார்க்கப் போனேன். இளைத்துவிட்டான். வாரத்தில் பாதி நாள் மருத்துவமனை. வானொலிக்குப் புது பேட்டரி வாங்கி, டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான். நெட்டையின் படம் அலமாரியில் இருக்கிறது. முன்னால் பூவோ விளக்கோ எதுவும் இல்லை, அவனுடைய மாத்திரை டப்பாதான் இருக்கிறது. அவள் பார்த்தால் திட்டுவாள்.

என்ன சொல்லப்போகிறாய் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச் 10

குளியலறையில் உச்ச வரியைப் பாடிப் பார்த்தேன். பாதி ஏற்றத்திலேயே குரல் கிழிந்தது. மறுபடியும் பார்த்தேன். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். இந்த வயதில் அடுத்தவள் குரலைத் திருட வேண்டுமானாலும் அதற்கு உழைக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். அறிவிப்பாளர் நினைத்ததைவிட வயதானவர், குரலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத முகம். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆரம்பித்தார். கிடார் உடைப்பு, நால்வர் பிரிவு, பிறகு நான். "போன வருஷம் இதே நாள்ல இவங்க இறந்துட்டதா சொன்னோம். இதோ, உயிரோட உக்காந்திருக்காங்க!" கைதட்டல் ஒலியை ஒரு பொத்தானை அழுத்திப் போட்டார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மேடம், நேயர்களுக்காக அந்த உச்ச வரி. ரெண்டே வரி."

மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அவ்வளவு பக்கத்தில். வாயைத் திறந்தேன். ஏறலாம் என்றுதான் திறந்தேன் என்று நினைக்கிறேன், சத்தியமாகத் தெரியவில்லை. வந்தது என்னுடையது. நான் பாடின வரி. அடியில் போவது. ஏறாது, இறங்காது, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் கொஞ்சம் நின்று நின்று போகும். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. நானே இதுவரை தனியாகக் கேட்டதில்லை.

இரண்டு வரியையும் பாடி முடித்தேன். அறிவிப்பாளர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம்… இது வேற பாட்டுங்களா?"

"அதே பாட்டுதாங்க. இதுதான் நான் பாடினது. நீங்க இத்தனை வருஷமா கேக்கறது இதுக்கு மேல பாடினவளை. அவ இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே தேதியிலதான் செத்தா." அவள் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு. இன்னொரு முறையும் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளட்டும் என்று. அப்புறம் அழுதுட்டேன். சே, லைவ்ல போய்! புல்லாங்குழலைப் போட்டு மூடிவிட்டார்கள்.

மார்ச் 12

டாக்டர் சொன்னார், "நேத்து உங்க நிகழ்ச்சியைக் கேக்கலாம்னு போட்டேன். யாரோ என்னமோ பாடிட்டிருந்தாங்க, மாத்திட்டேன்." என் குரலை மட்டும் தனியாகக் கேட்ட முதல் விமர்சகர்.

சாயங்காலம் டிரம்மர் போன் செய்தான். நேற்றே செய்வான் என்று இருந்தேன்.

"சுருதி கொஞ்சம் இறங்கிட்ட," என்றான்.

"பிடிச்சு இழுக்க ஆளில்லையே."

"குட்டை, நீ எப்ப வேணா செத்துக்கோ. மார்ச் பதினொண்ணு மட்டும் வேண்டாம். அது அவளோடது."

சரி என்றேன்.