நோர்வேக் கிழவர் படத்தில் உன் கை

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
10.3.1991

அன்பு மகன் லியனார்டுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், கிள்ளானில் அக்கா மகதலேனாவும் பிள்ளைகளும் சுகம், நீயும் லண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவும் சுகம் என்று அடுத்தபடியாக எழுதுவது என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். இதைத் தபாலில் போடாமல் பாலசுந்தரம் அங்கிளிடம் கொடுத்து அனுப்புகிறேன். மகள் பிரசவத்துக்காக அவர் நாளைக்கு லண்டன் வருகிறார், அவருடைய மனைவி அங்கேயே தங்குவாள், அவர் மட்டும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார். டெலிபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். டெலிபோனில் உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன், அல்லது அழுதுவிடுவேன், எப்படியும் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன். ஆகவே பொறுமையாகக் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. நம் வரிசையில் பழைய ரயில்வே வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், எதிர்ப்பக்கம் பாதி இடித்தாகிவிட்டது, நாள் முழுக்க லோரிச் சத்தமும் புழுதியும். எங்களுக்கு இன்னும் கடிதம் வரவில்லை, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அக்கா வாரத்தில் இரண்டு தடவை கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு ஓடுகிறாள், இளைத்துத் துரும்பாகிவிட்டாள். மற்ற நாட்களில் செலாயாங்கிலிருந்து இராஜம்மா என்று ஒரு பெண் வருகிறாள். சம்பளத்துக்கு வந்தவள்தான் என்றாலும் பெற்ற தாயைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். அம்மாவின் பியானோவை விற்கவில்லை, அதன் மேல்தான் டிவியையும் வீடியோவையும் தூக்கி வைத்திருக்கிறோம், கட்டிலில் படுத்தபடியே பார்க்க வேண்டுமல்லவா. பியானோ மேல் வைத்ததற்குத் திட்டுவாள், திட்டத்தான் அவளுக்கு வாய் இல்லை.

அம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும், பேச்சுப் போனதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சாப்பாடும் நின்றுபோன கதையை நான் உனக்குச் சொல்லவில்லை. அவளுக்கு விழுங்க முடியும், டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் கெஞ்சினேன், அக்கா அழுதாள், இராஜம்மா பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், இடது கையால் பிடுங்கி எறிந்தாள். மறுபடி போட்டால் அந்தக் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டும் என்றார்கள். வேலை செய்கிற கை அது ஒன்றுதான், சில நாள் போர்வை மேல் அந்த விரல்கள் தாளம் போடுவதைப் பார்க்கிறேன், அதைக் கட்டுவதற்கு நான் சம்மதிக்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். சாகட்டும் என்று கூட்டிவந்தேன் என்று சில பேர் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அந்தச் சமயத்தில்தான் நீ அனுப்பிய மூன்றாவது வீடியோ கசெட் வந்தது. நீ டெலிவிஷனுக்கு எடுக்கிற படங்களைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம் என்று உனக்குத் தெரியும். இந்த நூற்றாண்டின் பெரிய இசைக்காரர்கள் என்று நீ காட்டுகிற ஒருவராவது நிம்மதியாகச் செத்ததில்லை. முதல் படத்தில் வந்தவர் யுத்தத்தில் வீடு வாசல் இழந்து அந்நிய நாட்டில் கிடந்து செத்தார், இரண்டாம் படத்தில் வந்தவருக்குக் காதும் போய் புத்தியும் போயிற்று. அவர்களுடைய இசையோ, அலமாரியிலிருந்து தட்டு முட்டுச் சாமான் சரிந்து விழுகிற மாதிரி. உன் அம்மாவும் அதை ரசித்தாள் என்று பொய் சொல்ல மாட்டேன், பியானோப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த காலத்தில் இவர்களுடைய துண்டுகள் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் படம் முடிந்து உன் பெயர் எழுத்தாக ஓடும்போது எழுந்து நின்றுவிடுவாள், தேசிய கீதத்துக்கு நிற்பது போல. மூன்றாம் படத்தில் வருகிற நோர்வேக் கிழவரின் பெயரை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, கிழவர் என்றே எழுதுகிறேன். கடலோரத்து மரவீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து, செத்துக்கொண்டே கடைசி இசையை எழுதுகிறார், நீங்கள் மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து படம் பிடித்திருக்கிறீர்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த அதே மாதங்கள். அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

அக்காதான் கசெட்டைப் போட்டாள். ஜன்னலோரத்தில் கிழவர் உட்கார்ந்திருக்கிறார், கோப்பையைத் தூக்கப் பார்க்கிறார், கை நடுங்குகிறது, மேலே எல்லாம் சிந்துகிறது, காமிரா அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அப்போது பக்கத்திலிருந்து கடிகாரம் கட்டிய ஒரு கறுத்த கை உள்ளே வந்தது. கோப்பையைப் பிடித்து, கிழவரின் வாயருகே கொண்டுபோய், அவர் குடித்த பிறகு புறங்கையால் தாடையைத் துடைத்துவிட்டது. ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து நீ தையல் போட்டுக்கொண்ட தழும்பு அந்தக் கையில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திறந்தாள், பேச அல்ல, கிழவர் திறந்தாரே அதே மாதிரி. கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்த இராஜம்மா யோசிக்கவே இல்லை, ஒரு கரண்டியை உள்ளே விட்டுவிட்டாள். அம்மா விழுங்கினாள். கை மறைந்ததும் வாயை மூடிக்கொண்டாள். “அங்கிள், பின்னால ஓட்டுங்க, பின்னால ஓட்டுங்க, அந்தக் கை வந்தாதான் தொறக்குறாங்க” என்று இராஜம்மா கத்தினாள். ஓட்டினேன். மறுபடி திறந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு இப்படித்தான். காலையும் மத்தியானமும் மாலையும் கசெட்டைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்துவேன், உன் கை வரும், இராஜம்மா ஒரு கரண்டி, வேகமாக இருந்தால் இரண்டு கரண்டி, கை போகும், பின்னால் ஓட்டுவேன். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு எத்தனை தடவை ஓட்டுவேன் என்று எண்ணிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. தவக்காலம் தொடங்கியபோது ஃபாதர் நற்கருணை கொண்டுவந்தார். அதற்கும் அம்மா திறக்கவில்லை. நான் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன், அவர் நற்கருணையைக் கையில் எடுத்துக்கொண்டு, “போடுங்க, பரவால்ல” என்றார். நோர்வேக் கிழவர் தண்ணீர் குடிக்க, உன் அம்மா ஆண்டவரை வாங்கிக்கொண்டாள். பாவமோ புண்ணியமோ எனக்குத் தெரியாது, சாப்பிட்டாள், அதுதான் எனக்குத் தெரியும். ஒரு நாள் மின்சாரம் போனபோது நானே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தலையைக் கட்டிலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கையை மட்டும் பக்கத்திலிருந்து நீட்டிப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்தாள், பிறகு எட்டி என்னைப் பார்த்தாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு என் கையைத் தெரியாதா.

இதையெல்லாம் உனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அக்கா என்னோடு சண்டை போடுகிறாள். சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயே என்று ஒரு பயம். சொல்லியும் வராமல் இருந்துவிடுவாயோ என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம், மகனே. அம்மா உன் படத்தைத் தினமும் விரும்பிப் பார்க்கிறாள் என்று மட்டும் டெலிபோனில் சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய், அடுத்த மாதம் வருகிறேன் என்றாய், அது எந்த மாதம் என்று நானும் கேட்கவில்லை.

ஒரே இடத்தை இத்தனை தடவை ஓட்டினால் கசெட் என்னத்துக்கு ஆகும். முதலில் கோடு விழுந்தது, பிறகு மழை பெய்கிற மாதிரி ஆனது. மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், டேப்பு தேஞ்சே போச்சு லா. இந்த ஒரு எடத்தையே எதுக்கு இப்படிப் போட்டு ஓட்டுனீங்க, அப்படி என்ன படம்?” என்று கேட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்கிறார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன்பே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். கடைக்காரரும் பிரதி எடுத்துப் பார்த்தார், அந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் வந்தது.

சரியாக அந்த வாரம் உன் புதுக் கசெட் வந்து சேர்ந்தது. டெலிவிஷனில் காட்டப்போகிற சரியான படம் இதுதான், முன்பு அனுப்பியது திருத்தாதது, அதை எறிந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நான் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து போட்டேன். கிழவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். கோப்பையைத் தூக்கினார். கை நடுங்கியது. அம்மா வாயைத் திறந்தாள். உடனே கடல் வந்துவிட்டது. படம் முழுக்கக் கடல், அதன் மேல் அவருடைய இசை. அம்மா வாயைத் திறந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இராஜம்மா ஊட்டிய கஞ்சியை நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம், கை வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். கடல் முடிந்து யாரோ பேராசிரியர் பேசத் தொடங்கியதும்தான் மூடினாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

படம் பிடிக்கிறவர்களின் கை படத்தில் தெரியக்கூடாது, அது தொழிலில் பெரிய குறை, அதற்காக மேலதிகாரி திட்டினார் என்று நீ முன்பு டெலிபோனில் சொல்லிச் சிரித்தாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். ஒரு மனிதன் தாகத்தில் தவிப்பதை அத்தனை பேரும் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் நீ ஒருவன் கையை நீட்டினாய். உன் எல்லாப் படத்திலும் எனக்குப் பிடித்தது அந்த ஓர் இடம்தான். அதைத்தான் வெட்டிவிட்டாய்.

இப்போது பழைய சாம்பல் கசெட்டைத்தான் போடுகிறோம். சத்தம் மட்டும் வருகிறது, கோப்பை தட்டில் படுகிற சத்தத்துக்கு அம்மா சில நேரம் திறக்கிறாள், பெரும்பாலும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கிளினிக்கில் டாக்டர் கடுமையாகப் பேசிவிட்டார், இனிமேல் குழாய்தான், கையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். பாலசுந்தரம் திரும்பி வருகிற வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வந்திருக்கிறேன். வா என்று நான் எழுதவில்லை. வாதம் வந்தபோதே வா என்று எழுதிப் பார்த்தாகிவிட்டது. நீ வந்தால் கசெட் தேவையில்லை. வர முடியாது என்றால், வெட்டிப் போட்ட அந்தத் துண்டு உங்கள் ஆபீஸில் எங்காவது கிடக்கும், தேடி எடுத்து, உன் கை வருகிற அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒரு மணி நேரத்துக்குப் பதிவு செய்து பாலசுந்தரம் அங்கிளிடம் கொடு. கடல் வேண்டாம், இசை வேண்டாம், பேராசிரியர் வேண்டாம். இரண்டு கசெட்டாகக் கொடுத்துவிடு. முதலாவது தேய்ந்துபோனால் இரண்டாவது இருக்கும். மூன்றாவது கேட்டு உனக்குத் தொந்தரவு கொடுக்கும்படி இருக்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

காலுறை போடாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. வேலை வேலை என்று பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. பாலசுந்தரம் அங்கிள் இங்கே திரும்பச் சனிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் மகள் வீட்டு விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது, மறந்துவிடாதே. ஆண்டவர் உன்னையும் உன் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அன்பு அப்பா,
சிரில்
(அம்மா மார்க்கிரட்டுக்காகவும்)