ஹெந்தளைக் கடலோர வீதி: இடம் மாறிய நான்கு கட்டைகள்

அனுப்புநர்:
செல்வி மேபல் இராஜநாயகம், பீ.ஏ.,
ஆசிரியை,
கடற்கரை ஒழுங்கை, ஹெந்தளை.

பெறுநர்:
பொறியியலாளர் அவர்கள்,
மாவட்ட வீதிப் பகுதி, கொழும்பு.

விடயம்: புதிய வீதியின் அளவுக் கட்டைகளை இடம் மாற்றியதாகத் திரு. கிளறன்ஸ் மீது செய்யப்பட்ட முறைப்பாட்டை மீளப்பெறக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஆலய மூப்பர் திரு. கிளறன்ஸ், தங்கள் பகுதியினர் நாட்டிய பதினான்கு கட்டைகளில் நான்கைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டது உண்மை. அதை மறுக்க நான் இதை எழுதவில்லை. பொலிசில் கொடுத்த முறைப்பாடு நிலைத்தால், துறைமுகத்தில் அவர் பத்தொன்பது வருடமாகச் செய்துவரும் வேலை போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

2. தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, இம்முறை சிலுவைப்பாதை ஆலயத்துக்கு வெளியே நடைபெறும் என்று புதிய பங்குச் சுவாமி அறிவித்தார். மறுநாள் மாலை வேலையால் திரும்பியவர்கள் கடலோரமாக வரிசையாய்க் கட்டைகள் நிற்கக் கண்டார்கள். ஒன்று முதல் பதினான்கு வரை இலக்கம். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சிலுவைக் குறி. சிலுவைப்பாதையில் நின்று செபிக்கும் பதினான்கு ஸ்தலங்களையும் சுவாமியே குறித்துவிட்டார் என்று சனங்கள் நினைத்தார்கள். சனங்களே நட்டார்கள் என்று சுவாமி நினைத்து, பூசையில் நன்றியும் சொன்னார்.

3. தபசுகால வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் அக்கட்டைகளின் வழியே நடந்து, ஒவ்வொன்றின் முன்பும் முழந்தாளிட்டோம். எட்டு முதல் பதினொன்று வரையானவை சதுப்பில் நின்றன. அங்கே முழந்தாளிட்ட றோஸி அக்காவை எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. "இயேசுநாதர் விழுந்தது மூண்டு தரம். நான் விழுந்த கணக்கை ஆரும் எழுதினீங்களோ?" என்று அவர் கேட்டபோது செபமே நின்றுவிட்டது.

4. பக்கத்து மேட்டுநிலம் திரு. ஸவாஹிர் அவர்களின் தென்னந்தோட்டம். அவர் தாமாகவே கம்பிவேலியைக் கழற்றிவிட்டார். பெரிய வெள்ளிக்கு முன் கிளறன்ஸ் நான்கு கட்டைகளையும் அங்கே நட்டார். இடைவெளி மாறாதபடி வலைக்கயிற்றில் முடிச்சிட்டு அளந்தார். பிடுங்கிய குழிகளில் கருங்கல் வைத்து, கல்லிலும் அதே இலக்கத்தை எழுதினார். காரணம் கேட்டேன். "சுவாமி வந்து கேட்டா பழைய இடத்தைக் காட்டவேணும்தானே, பிள்ளை" என்றார். சேதம் செய்ய வந்தவர் இப்படிச் செய்வாரா என்பதைத் தாங்களே யோசிக்க வேண்டுகிறேன்.

5. தங்கள் அளவையாளர்களின் வேலையையும் நான் வியக்கிறேன். மற்றைய பத்துக் கட்டைகளும் ஒரு வீட்டு முற்றத்தையோ கிணற்றையோ தொடாமல் செல்கின்றன. அவற்றை எவரும் அசைக்கவில்லை. அவர்கள் வந்தது மாரி பெய்யாத மாசியில். சதுப்பு மேலே காய்ந்து, நல்ல நிலம்போல் கிடந்திருக்கும். இருநூறு பேர் ஆறு வெள்ளி நடந்ததால்தான் உள்ளே இருந்த சேறு தெரியவந்தது.

6. தோட்டத்தின் வழியே வீதி அமைவதில் தமக்கு ஆட்சேபமில்லை என்று திரு. ஸவாஹிர் எழுதித் தந்த கடிதத்தை இணைத்துள்ளேன். "ரோட்டு வாறதெண்டா இதாலேயே வரட்டும் மகள். உங்கட ஆக்களும் போகலாம், எங்கட ஆக்களுக்கும் பஸ் வரும்" என்றார்.

7. கடைசியாக ஒன்று. பிடுங்குவதற்கு முன் கிளறன்ஸ் ஒரு கட்டையை என்னிடம் காட்டி, "படிச்ச பிள்ளை நீதான். பாத்துச் சொல்லு, இது சுவாமிட வேலையோ, கவுண்மேந்து வேலையோ?" என்று கேட்டார். அதன் தலையில் ஓர் ஆணி இருந்தது. கொழும்பில் பாமன்கடைப் பகுதியில் வீதி அகலமாக்கியபோது அப்படி ஆணியடித்த கட்டைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சுற்றிலும் அத்தனை பேர் என் முகத்தையே பார்த்து நின்றார்கள். சந்தேகம் என்று சொல்ல வெட்கப்பட்டு, "சுவாமியுடையதுதான்" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் மண்வெட்டியை எடுத்தார். பொலிசாரிடம் என் பெயரை அவர் சொல்லவேயில்லை.

8. ஆகவே கிளறன்ஸ் மீதான முறைப்பாட்டை மீளப்பெற்று, அவ்விடத்தை ஒருமுறை நேரில் பார்வையிடுமாறு பணிவாக வேண்டுகிறேன். முறைப்பாட்டில் ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டுமென்றால் அவர் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். தாங்கள் வரும் நாளில் எட்டாம் கட்டையருகே நிற்பேன். இம்முறை எத்தனை பேர் சுற்றி நின்றாலும் தெரிந்ததைச் சொல்வேன்.

ஹெந்தளை,
03.04.1967

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
மேபல் இராஜநாயகம்